குருதியின் வழியைக் கண்ட இப்னு நஃபீஸ்

முகம் வெளுத்து, நான்கு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்று சொல்வோருக்கு, இரத்தத்தைச் சோதித்தபின் மருத்துவர் இரும்புச் சத்து மாத்திரை எழுதித் தருவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். மூச்சுக்கும் இரும்புக்கும் என்ன உறவு? நம் உடலிலுள்ள இரும்பனைத்தையும் திரட்டினாலும் 3 அல்லது 4 கிராமே தேறும். அதில் பெரும்பகுதி சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில் உறைகிறது. அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் 4 இரும்பணுக்கள். அவை நுரையீரலில் பிராணவாயுவைப் பற்றிக்கொள்கின்றன. உறுப்புகளை அடைந்ததும் விட்டுவிடுகின்றன. இரும்பு குறைந்தால் பிராணவாயு சுமப்பாரின்றி நின்றுவிடும்.

இரும்பின் இப்பணி பிற்காலத்தில் அறியப்பட்டது. ஆயினும், காற்றைப் பெறுவதற்காகவே இரத்தம் நுரையீரலுக்குச் செல்கிறது என்பதை 13-ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார் ஒரு மேதை. அவரே அலாவுத்தீன் அபுல் ஹஸன் அலீ என்னும் இப்னு நஃபீஸ்.

டமாஸ்கஸ் பகுதியில் பிறந்த அவர், அந்நகரின் நூரி மருத்துவமனையில் அத்தக்வார் என்னும் ஆசானிடம் மருத்துவம் பயின்றார். பின்னர் கெய்ரோவில் குடியேறினார். மருத்துவர் மட்டுமல்லர், நம் கடலோர ஊர்களில் பலரும் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட அறிஞருமாவார். மஸ்ரூரிய்யா மத்ரஸாவில் அச்சட்டத்தையே போதித்தார்.

அக்கால மருத்துவ உலகில் கேலனின் சொல்லே வேதவாக்கு. இதயத்தின் வலது அறைக்கும் இடது அறைக்கும் இடையிலுள்ள சுவரில் கண்ணுக்குப் புலப்படாத துளைகள் உண்டென்றும், அவற்றின் வழியே இரத்தம் கடக்கிறதென்றும் அவர் எழுதியிருந்தார். மாமேதை இப்னு ஸீனாவும் அவரையே பின்பற்றினார். இப்னு ஸீனாவின் அல்கானூன் நூலிலுள்ள உடற்கூற்றுப் பகுதிக்கு உரை வரையப் புகுந்த இப்னு நஃபீஸுக்கு, அப்போது வயது முப்பதை ஒட்டியே இருக்கும். ஆண்டு 1242. உரையாசிரியர் மூலநூலை மறுப்பது எளிதன்று என்பதை அறிவீர்கள். அவரோ தயங்கவில்லை. அச்சுவர் தடித்தது, அதில் காணக்கூடிய துளையுமில்லை, காணவியலாத துளையுமில்லை என்று மறுத்தார். வலது அறையின் இரத்தம் நுரையீரலை அடைந்து, அங்கே பரவி, காற்றுடன் கலந்து, அதன்பின்னரே இடது அறைக்குத் திரும்புகிறது என வழியையும் காட்டினார். நுரையீரலின் இருவகைக் குழாய்களுக்கும் இடையே நுண்ணிய வாயில்கள் உண்டென்றும் உய்த்துணர்ந்தார். மல்பீகி என்னும் இத்தாலியர் 1661-இல் நுண்ணோக்காடியில் கண்டது அத்தகைய நுண்குழாய்களையே!

குருதிச் சுழற்சி முழுவதையும் இவரே கண்டுபிடித்தார் என்று நம்மவர் சிலர் மேடைகளில் முழங்குவதுண்டு. அது மிகை. உடலெங்கும் சென்ற இரத்தம் மீண்டும் இதயத்திற்கே வருவதை 1628-இல் நிறுவியவர் இங்கிலாந்தின் ஹார்வி. இப்னு நஃபீஸ் கண்டது நுரையீரல் வழியை. அதுவே அவருக்குப் போதிய பெருமை. அப்பெருமையும் நெடுங்காலம் மறைந்தே கிடந்தது. 1924-இல் முஹ்யித்தீன் அத்ததாவி என்னும் எகிப்திய மருத்துவர், ஜெர்மனியில் பயிலும்போது பெர்லின் நூலகக் கையெழுத்துப் பிரதியில் அதைப் படித்து உலகுக்கு உரைத்தார்.

ஒருமுறை குளியலறையில் இருந்தவர் பாதியிலே வெளிவந்து, எழுதுகோலும் தாளும் வரவழைத்து, நாடித்துடிப்பைப் பற்றிய நூலொன்றை எழுதி முடித்துவிட்டுக் குளிக்கத் திரும்பினாராம். அஷ்ஷாமில் என்னும் மருத்துவக் களஞ்சியத்தை 300 பாகங்களாகத் திட்டமிட்டார். 80 பாகங்களே நிறைவுற்றன.

1288-இல் நோயுற்றபோது, மருந்தாகச் சிறிது மது அருந்துமாறு உடன் மருத்துவர்கள் வற்புறுத்தினர். மதுவை உடலில் ஏந்தியவாறு இறைவனைச் சந்திக்க அவர் இசையவில்லை. அந்நோயிலேயே வஃபாத்தானார். தம் இல்லத்தையும் நூல்களனைத்தையும் கெய்ரோவின் மன்ஸூரி மருத்துவமனைக்கு வக்ஃபாக எழுதி வைத்திருந்தார்.