மெய்வெப்பம் ஆய்ந்த மேதை

புறத்தே பனி கொட்டினும் வெயில் கொளுத்தினும், மாந்தர் உடலின் வெப்பம் ஏறத்தாழ 37 பாகை செல்சியசு அளவிலேயே நிற்கின்றது. பறவைகளும் பாலூட்டிகளும் இவ்வாறே தத்தமக்குரிய வெப்பத்தைக் காத்துக்கொள்கின்றன. இவ்வியத்தகு காவலை உலகம் அறிய வழிதிறந்தவருள் ஒருவர் கிளாடு பெர்னார்டு என்னும் பெரியார்.

அவர் 1813-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில், திராட்சைத் தோட்டத்தில் உழைத்து வாழ்ந்த எளிய குடும்பத்தில் தோன்றினார். இளமையில் லியோன் நகரத்து மருந்துக்கடை ஒன்றில் தொழில் பயின்றார். நாடகம் எழுதிப் புகழ்பெற விழைந்து, 1834-இல் தம் நாடகச் சுவடியுடன் பாரிசு சென்றார். அதனைப் படித்த திறனாய்வாளர் ஒருவர், மருத்துவம் கற்றலே அவருக்கு நன்று என அறிவுறுத்தினார். பெர்னார்டு அவ்வறிவுரையை ஏற்றார். பின்னர், மசாந்தி என்னும் பேராசிரியர் அவருடைய கைத்திறன் கண்டு தமக்கு உதவியாளராக அமர்த்திக்கொண்டார்.

நரம்பே உடலுக்கு வெப்பம் தருவது என்றும், அதனை அறுத்தால் உறுப்புக் குளிரும் என்றும் பெர்னார்டு எண்ணினார். 1851-இல் முயலின் கழுத்திலுள்ள பரிவு நரம்பினை அறுத்துப் பார்த்தார். அப்பக்கத்துக் காது குளிரவில்லை, சிவந்து வெப்பமுற்றது! தம் கருத்துப் பொய்த்ததெனினும், கண்ட உண்மையை அவர் மறைத்தாரல்லர். அதனையே பற்றி மேலும் ஆய்ந்தார். மறு ஆண்டில் அவரும் பிரௌன் செக்கார்டு என்பாரும் தனித்தனியே அந்நரம்பை மின்னால் தூண்டினர். குருதிக்குழாய்கள் சுருங்கின, காது குளிர்ந்தது. நரம்பு குழாயைச் சுருக்கும். அதன் ஆணை நின்றால் குழாய் விரியும். குருதி மிகுந்து பாய, வெப்பம் தோலை அடையும் என்பது இதனால் விளங்கிற்று.

உயிருள்ள விலங்குகளை அறுத்து ஆய்தலை அவர்தம் மனைவியார் வெறுத்தார். இல்வாழ்க்கை பிரிவில் முடிந்தது. 1878-இல் பெர்னார்டு மறைந்தபோது, பிரெஞ்சு அரசே அவருக்கு இறுதிச் சிறப்புச் செய்தது. அறிவியலார் ஒருவர்க்கு அந்நாட்டில் அச்சிறப்புக் கிடைத்தது அதுவே முதன்முறை.

அவர் விட்ட இடத்திலிருந்து பிறர் தொடர்ந்தனர். பரிவு நரம்பு நாரட்ரினலின் என்னும் வேதிப்பொருள் வாயிலாகவே குழாய்களை ஆள்கின்றது என்பது 1946-இல் தெளிவாயிற்று. வெப்பக் காவலின் தலைமையிடம் மூளையின் அடியிலுள்ள ஐப்போத்தலாமசு என்பதும் அறியப்பட்டது. 1960-களில், பூனையின் மூளைக்குள் செரட்டோனின் செலுத்தியபோது உடல்வெப்பம் ஏறியது. நாரட்ரினலின் செலுத்தியபோது இறங்கியது. முயலிலோ விளைவு நேர்மாறாயிற்று. ஓருயிர்க்குப் பொருந்துவது மற்றோருயிர்க்கும் பொருந்தும் எனக் கொள்ளலாகாது. சோதித்தே துணிதல் வேண்டும். பெர்னார்டு தம் வாழ்வால் காட்டிய நெறியும் அதுவேயாம்.