தீனபந்து கண்ட நத்தார்ப் பெருநாள்

மார்கழி பிறந்துவிட்டால் புசல்லாவைக்குத் தனியொரு பொலிவு வந்துவிடுகின்றது. கம்பளையிலிருந்து நுவரெலியாவை நோக்கி ஏறிச்செல்லும் நெடுஞ்சாலை பனிமூட்டத்துள் மறைந்து மறைந்து தோன்றும். வைகறையில் தோட்டத்து லயங்களிலிருந்து பஜனைக் கோஷ்டியாரின் தாள ஒலி இறங்கி வரும். மாலையிலே தேவாலயத்துப் பிள்ளைகள் விளக்கேந்தி வீடுதோறும் கீதம் இசைத்துச் செல்வர். உந்துவப் பௌர்ணமி நாளில் வெள்ளாடை உடுத்த சிங்கள மக்கள் பூத்தட்டுடன் விகாரைக்கு நடப்பர். பள்ளிவாசலின் பாங்கொலியோ ஆண்டு முழுவதும் ஐந்து வேளையும் கேட்பது. இவ்வளவுக்கும் இடமாக அமைந்தவை ஒரு கடைவீதியும் அதனைச் சூழ்ந்த குன்றுகளுமே.

ஆயினும், ஒலிகள் அருகருகே கேட்பதனால் உள்ளங்களும் அருகருகே இருக்கின்றன என்று கொள்ளுதல் பொருந்தாது. 1977ஆம் ஆண்டிலும் 1983ஆம் ஆண்டிலும் மலைநாட்டில் எரிந்த கடைகளையும் லயங்களையும் கண்ட தலைமுறை இன்றும் நம்மிடையே வாழ்கின்றது. ஆதலின், பண்டிகைகளை எவ்வண்ணம் கொண்டாடுவது என்பது எங்களைப் போன்ற ஊரார்க்கு வெறும் அலங்கார வினாவன்று. மார்கழியில் பாடசாலைகள் ஒளிவிழா எடுக்கும்பொழுதெல்லாம் ஆசிரியர்கள் கூடுமிடத்தில் இது எழாமற் போவதில்லை. சைவப் பிள்ளை ஆயர் வேடம் புனைந்து மேடையேறலாமா? கிறித்தவப் பிள்ளை தைப்பொங்கற் பானையின் முன் கைகூப்பி நிற்கலாமா? ஒரு சாரார் எல்லாம் ஒன்றே என்று கூறி விடயத்தை முடித்துவிடுவர். மற்றொரு சாரார் அவரவர் பண்டிகை அவரவர்க்கே என்பர். இவ்விரண்டு விடைகளும் எனக்கு நிறைவளித்ததில்லை. மூன்றாவது விடையொன்றை நான் ஒரு மனிதரின் வாழ்க்கையிலே கண்டேன். அவர் சார்ள்ஸ் பிறீயர் அன்றூஸ். எளியோரின் உறவினன் என்னும் பொருள்பட நம்மவர் அவரைத் தீனபந்து என்று அழைத்தனர்.

அன்றூஸ் 1871ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் நாள் இங்கிலாந்தின் நிலக்கரி நகரமான நியூகாசிலிற் பிறந்தார். தந்தையார் சிறியதொரு சபையின் குரு. குடும்பம் ஓரளவு வசதியுடனேயே வாழ்ந்தது; ஆனால் தாயாரின் சொத்தைப் பொறுப்பேற்றிருந்த நண்பர் ஒருவர் அதனை வாணிபச் சூதாட்டத்தில் இழந்து, அவர்களை ஏழைகளாக்கிவிட்டார். அச்செய்தி வந்த நாளன்று தந்தையார் குடும்பத்தாரைக் கூட்டி, தம்மை வஞ்சித்த அந்நண்பருக்காகவே இறைவனிடம் மன்றாடினாராம். பையனாயிருந்த அன்றூஸின் நெஞ்சில் அந்த மன்றாட்டு ஆழப் பதிந்துவிட்டது. பின்னாளில் அவர் செய்த சமாதானப் பணிகளுக்கெல்லாம் வித்து அந்த வீட்டுக் கூடத்திலேதான் விழுந்தது என்பது என் துணிபு.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற் பயின்ற காலத்தில், முதலாளருக்கும் தொழிலாளருக்கும் இடையிலுள்ள பிணக்கில் கிறித்தவத்தின் நிலை யாது என்பது பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசு பெற்றார். இலண்டனின் தென்பகுதியில் வறியோர் நடுவே சிலகாலம் தொண்டாற்றினார். 1904ஆம் ஆண்டு தில்லி வந்து புனித ஸ்தேவான் கல்லூரியில் ஆசிரியரானார். இரண்டாண்டுகளுக்குள் அதிபர் பதவி வெற்றிடமானது. வெள்ளையர் ஒருவரையே அமர்த்த வேண்டும் எனச் சிலர் முயன்றபோது, சுசீல் குமார் ருத்ரா என்னும் இந்தியரே அதிபராதல் வேண்டும் என்று அன்றூஸ் பிடிவாதமாக நின்று வென்றார். தமக்குக் கிட்டக்கூடிய இருக்கையை வேறொருவருக்கு வாங்கிக் கொடுப்பது ஆசிரிய உலகில் எத்துணை அரிய செயல் என்பதை இதனைப் படிக்கும் ஆசிரியர்கள் அறிவார்கள்.

1912ஆம் ஆண்டு இலண்டனில் ஓவியர் றொதென்ஸ்ரைனின் இல்லத்தில் இரவீந்திரநாத தாகூரின் கவிதைகளைக் கவிஞர் யேற்ஸ் படிக்கக் கேட்ட இரவு அவருடைய வாழ்வைத் திசைதிருப்பியது. எனினும் சாந்திநிகேதனம் போய்ச் சேருமுன் அவருக்குத் தென்னாபிரிக்கா காத்திருந்தது.

அங்கே தலைக்கு மூன்று பவுண் வரியை எதிர்த்து 1913ஆம் ஆண்டு ஒப்பந்தக் கூலிகள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுட் பெரும்பாலோர் சென்னை மாகாணத்திலிருந்து போனவர்கள். நம் மலைநாட்டு மக்களின் முன்னோர் எந்த ஊர்களிலிருந்து வந்தனரோ அதே ஊர்களின் மக்கள். வேலைநிறுத்தம் தொடங்கிய நேற்றால் மாகாணச் சுரங்க நகரத்தின் பெயரும் நியூகாசில் என்பது வரலாற்றின் விளையாட்டுப்போலும். கோகலேயின் வேண்டுகோளைக் கேட்ட அன்றூஸ் தம் சேமிப்பு முழுவதையும் கொடுத்தார். பின்பு தம்மையும் கொடுத்தார். நண்பர் பியர்சனுடன் கப்பலேறினார். அவ்வாண்டின் நத்தார் நாள் அவருக்கு நடுக்கடலிலே கழிந்தது. 1914ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் டர்பன் துறைமுகத்தில் இறங்கிக் காந்தி எங்கே என்று வினவினார். சுடப்பட்டு மாண்ட தொழிலாளருக்காகத் துக்கம் பூண்டு, தலை மழித்து, கூலிகள் உடுக்கும் முரட்டுத் துணியுடன் நின்ற சிறிய உருவத்தை அருகில் நின்றோர் காட்டினர். அன்றூஸ் குனிந்து அவர் பாதங்களைத் தொட்டு வணங்கினார். வெள்ளையர் ஒருவர் ஆசியர் ஒருவரின் காலைத் தொட்டதைத் தென்னாபிரிக்க வெள்ளையர் பொறுக்கவில்லை; அவர்களுடைய பத்திரிகைகள் சீறின.

அந்நாட்களிலே வெள்ளை இரயில்வேத் தொழிலாளரும் அரசாங்கத்துக்கு எதிராக வேலைநிறுத்தம் தொடங்கினர். அரசாங்கத்தை வீழ்த்த இதனினும் வாய்ப்பான வேளை இல்லை. ஆனால் காந்தியடிகள், எதிரி இடருற்ற நேரத்தில் தாக்குதல் முறையன்று எனத் தம் போராட்டத்தை நிறுத்தி வைத்தார். அந்தப் பெருந்தன்மை திறந்த வழியிலே அன்றூஸ் ஸ்மட்ஸ் தளபதிக்கும் காந்திக்கும் இடையே தூது நடந்தார். அம்மாதமே உடன்பாடு கண்டது; அவ்வாண்டு நடுவில் மூன்று பவுண் வரி சட்டத்தால் ஒழிந்தது. இப்பணியில் ஈடுபட்டிருந்தபோதே தாயார் இங்கிலாந்தில் இறந்த செய்தி அவருக்கு எட்டியது. முகங்காண இயலாத தொலைவில் இருந்துகொண்டு, பிறர் பெற்ற பிள்ளைகளின் விடுதலைக்காக அவர் அலைந்தார்.

1914ஆம் ஆண்டு நடுவில் அன்றூஸ் சாந்திநிகேதனத்திற் குடியேறினார். அவ்வாண்டிலேயே குருத்துவக் கடமைகளையும் துறந்தார். இதன் காரணத்தை நான் சற்று விரித்துரைக்க வேண்டும்; நம் ஒளிவிழா வினாவின் உயிர்நாடி இங்கேதான் இருக்கின்றது. ஆங்கிலத் திருச்சபையின் வழிபாட்டு நூல், அத்தனாசியார் பெயரால் வழங்கும் விசுவாச அறிக்கையைச் சில பெருநாட்களில் ஓதுமாறு விதித்திருந்தது. அவற்றுள் நத்தார் நாளும் ஒன்று. அவ்விசுவாசத்தை ஏற்காதோர் என்றென்றும் அழிவர் என்னும் பொருளுடைய வாசகம் அதிலே உண்டு. தில்லியில் முஸ்லிம் பெரியார்களின் அன்பையும், தாகூரின் நட்பையும், காந்தியின் தவத்தையும் கண்ணாரக் கண்ட ஒருவர், பாலன் பிறந்த நன்னாளிலே நின்றுகொண்டு, இவர்களெல்லாரும் அழிவர் என எவ்வாறு ஓதுவார்? அன்றூஸினால் அது முடியவில்லை. அவர் கிறித்துவை விட்டு விலகினார் என எவரும் எண்ணவேண்டா. இறுதி மூச்சுவரை அவர் கிறித்தவராகவே வாழ்ந்தார். சாபத்தை மாத்திரமே கைவிட்டார்.

சாந்திநிகேதனத்திலோ நத்தார் வேறொரு கோலத்தில் இருந்தது. தாகூரின் தந்தையார் தேவேந்திரநாதர் 1888ஆம் ஆண்டு எழுதிவைத்த நம்பிக்கைப் பொறுப்புச் சாசனம், அங்கே எந்த உருவத்தையும் வைத்து வழிபடலாகாது, புலாலும் மதுவும் புகலாகாது, எந்தச் சமயத்தார் வணங்கும் பொருளையும் இழித்துரைக்கலாகாது, ஆண்டுதோறும் ஒரு விழாச்சந்தை கூடவேண்டும் என்று விதித்தது. அதன்படி பௌஷ மாதம் ஏழாம் நாள், அதாவது டிசம்பர் மாதப் பிற்பகுதியில், பௌஷ மேளா தொடங்கும். கிராமத்துக் குயவரும் நெசவாளரும் தம் பண்டங்களைக் கொணர்வர். பாவுல் பாடகர் ஒற்றை நரம்பு வாத்தியத்துடன் வந்து பாடுவர். 1910ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாளன்று தாகூர் இவ்விழாவுடன் கிறித்து உற்சவத்தையும் சேர்த்தார். கண்ணாடிச் சுவர்களால் ஆன வழிபாட்டு மண்டபத்தில் மெழுகுவர்த்திகள் ஏற்றப்படும்; யேசுபிரானின் வாழ்வைப் பற்றி உரை நிகழும்; பாட்டு உண்டு. மதுவும் இறைச்சியும் இல்லை, மதமாற்றமும் இல்லை. கூடியிருப்போர் இந்துக்களாகவும் பிரமசமாஜத்தாராகவும் கிறித்தவராகவும் வந்து, அவ்வாறே திரும்பிச் செல்வர்.

1914ஆம் ஆண்டு இறுதியில் இந்த மண்ணிலே வேறொரு கூட்டமும் இருந்தது. காந்தியடிகள் தென்னாபிரிக்காவின் பீனிக்ஸ் குடியிருப்பிலிருந்து அனுப்பிய மாணவர்கள் அங்கே தங்கியிருந்தனர். அவர்களுள் சத்தியாக்கிரகத் தளபதி தம்பி நாயுடுவின் மைந்தர்களாகிய தமிழ்ச் சிறுவரும் இருந்தனர். அதே மார்கழியிலேதான் ஐரோப்பாவின் மேற்குப் போர்முனையில், ஆங்கிலச் சிப்பாய்களும் ஜெர்மன் சிப்பாய்களும் நத்தார் இரவிற் பதுங்குகுழிகளிலிருந்து மாறி மாறிக் கீதம் இசைத்து, மறுநாள் வெளியே வந்து கைகுலுக்கி, இறந்தோரைப் புதைத்துப் பரிசில் மாற்றிக்கொண்டனர். மேலதிகாரிகள் அதனைக் கண்டித்துத் தடைசெய்தனர். ஒருநாள் அமைதிக்குப்பின் நாலாண்டுகள் குருதி ஓடியது. நத்தார் வெறும் உணர்ச்சிப் பெருக்காக மாத்திரம் நின்றுவிட்டால் அதன் ஆயுள் அவ்வளவே. அன்றூஸ் அதனை ஆண்டின் மற்றை நாட்களுக்கும் எடுத்துச் சென்றார்.

எவ்வாறெனிற் கூறுவேன். 1915ஆம் ஆண்டு அவர் வாந்திபேதி கண்டு மரணத்தின் வாயிலைத் தொட்டு மீண்டார். உடல் தேறிவரும் நாளில், தென்னாபிரிக்காவிலே தாம் கண்ட ஒப்பந்தக் கூலி ஒருவனின் தோற்றம் அவர் கண்முன் எழுந்தது. அடியின் தழும்பு முதுகில், அச்சம் விழிகளில். நோக்கி நிற்கையிலே அம்முகம் மெல்ல மாறிக் கிறித்துவின் முகமாயிற்று என அவர் பின்னர் எழுதினார். மாட்டுக்கொட்டிலிற் பிறந்த பாலனைத் தேடிச் சென்ற அறிஞரின் கதையை ஒளிவிழாவிலே நாம் ஆண்டுதோறும் நடிக்கின்றோம். அன்றூஸ் அவனைத் தேடிச் சென்ற இடம் பிஜித் தீவின் கரும்புத் தோட்டம். பாரதியார் கண்ணீர் வடித்துப் பாடிய அதே தோட்டங்கள்தாம்.

அவ்வாண்டு பிற்பகுதியிற் பியர்சனுடன் பிஜி சென்று, கூலி லயங்களிற் புகுந்து, ஆடவர் பெண்டிர் எண்ணிக்கையிலிருந்த ஏற்றத்தாழ்வையும், அதனால் விளைந்த சீரழிவையும், தற்கொலைகளையும் விசாரித்து அறிக்கை எழுதினார். அவ்வறிக்கை 1916இல் வெளிவந்தது. அந்த ஆண்டே இராசப்பிரதிநிதி ஹார்டிஞ்ச் ஒப்பந்தக் கூலி முறையை ஒழிக்கும் கொள்கையை ஏற்றார். ஆயினும் நாட்கடத்தும் முயற்சிகள் நடந்தன. அன்றூஸ் 1917இல் மீண்டும் பிஜிக்குப் போனார். ஆட்சேர்ப்பு அவ்வாண்டு நின்றது. எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் 1920ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் நாள் இரத்தாயின. பிஜித் தமிழரும் பிற இந்தியரும் பெற்ற புத்தாண்டுப் பரிசு அது.

நம் இலங்கையிலே ஐந்தாண்டு ஒப்பந்தம் இல்லை. கங்காணியும் கடனும் துண்டும் இருந்தன. 1841ஆம் ஆண்டு வோர்ம்ஸ் சகோதரர் சீனத்திலிருந்து கொணர்ந்த தேயிலைக் கன்றை நட்ட றொத்சைல்ட் தோட்டம் இதே புசல்லாவையில்தான் உள்ளது. அத்தகைய தோட்டங்களில், சொல்லாமல் வேலையை விட்டகன்றவனைச் சிறையிலிட 1865ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தந்தது. துண்டு முறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இங்கே அதற்காக உழைத்தவர்களுட் பொன்னம்பலம் அருணாசலம் முதன்மையானவர். கடல்கடந்த கூலியின் துயரை உலகறியச் செய்த அன்றூஸின் எழுத்துகள் அக்காலத்துக் காற்றிலே கலந்திருந்தன என்று மட்டும் கூறுவேன்.

நண்பரோடு முரண்படவும் அவர் அஞ்சினாரல்லர். முதல் உலகப்போருக்குக் காந்தி ஆள்திரட்ட முனைந்தபோது எதிர்த்தார். 1921இல் அந்நியத் துணிகளைக் கொளுத்தியபோதும் எதிர்த்தார். சமாதானம் என்பது எல்லாவற்றுக்கும் தலையாட்டுதல் என எண்ணுவோர் இப்பகுதியை ஊன்றி நோக்குக. இத்தனை முரண்பாட்டுக்குப் பின்னும், 1924ஆம் ஆண்டு இந்து முஸ்லிம் ஒற்றுமைக்காகக் காந்தியடிகள் தில்லியில் 21 நாள் உண்ணாவிரதம் இருந்தபோது அருகிலிருந்து பணிவிடை செய்தவர் அன்றூஸே. நோன்பு முடிந்த வேளையில் இமாம் ஒருவர் திருக்குர்ஆன் ஓதினார். அன்றூஸ் சிலுவையைப் பற்றிய கீதம் ஒன்றைப் பாடினார். வினோபா உபநிடதம் ஓதினார். மூவரும் தத்தம் குரலில், தத்தம் மறையையே ஓதினர் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவரும் மற்றொருவருக்காகத் தம் மறையை மாற்றிக்கொள்ளவில்லை. ஒருவர் ஓதும்போது மற்றையோர் வாய்மூடிக் கேட்டனர். எங்கள் ஊர் ஒளிவிழாவில் ஆயர் வேடம் தரித்த சைவச் சிறுமியைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தத் தில்லி மாளிகையே நினைவுக்கு வருகின்றது. அவள் திருநீற்றை அழித்துவிட்டு மேடையேற வேண்டியதில்லை.

அகில இந்தியத் தொழிற்சங்க மாநாட்டுக்குத் தலைமை பூண்டார். தொழிலாளர் பொருட்டு அவர் அலைந்த நாடுகள் பல. சேர்த்த பொருள் ஒன்றுமில்லை. யாரேனும் ஒரு மேற்சட்டை கொடுத்தால் அது அடுத்த ஏழையின் தோளுக்குப் போய்விடும்.

1939ஆம் ஆண்டு நத்தார் வந்தபொழுது உலகம் இரண்டாம் முறையாகப் போரில் இறங்கியிருந்தது. அந்நாளிலே தாகூர் பாட்டொன்று இயற்றினார். முன்னொரு காலத்தில் யேசுவைக் கொன்றவர்களே இக்காலத்தில் மறுபடி பிறந்து, கோயிலுக்குட் புகுந்து பக்தராக நின்றுகொண்டு, வெளியே கொலைக்கு ஆள் ஏவுகின்றனர் என்பது அதன் கருத்து. வாழ்த்தும் மகிழ்ச்சியும் நிரம்பிய நத்தார்ப் பாட்டுகள் எத்தனையோ உண்டு. இப்படி நெஞ்சைச் சுடும் நத்தார்ப் பாட்டு வேறொன்றை நான் அறியேன்.

அடுத்த சில வாரங்களில் அன்றூஸ் நோயுற்றுக் கல்கத்தா மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டார். காந்தியடிகள் வந்து கண்டார். அறுவைச் சிகிச்சையும் பயன் தரவில்லை. 1940ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் தீனபந்து காலமானார். நியூகாசிலிற் பிறந்தவரின் உடல் கல்கத்தாவின் லோவர் சேர்க்குலர் வீதிக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் பெயரால் சாந்திநிகேதனத்துக்கு ஐந்து இலட்சம் ரூபாய் திரட்டும் பொறுப்பைக் காந்தியடிகள் தாமே ஏற்றுக்கொண்டார்.