பழைய கப்பலில் தொடங்கிய பயணம்: சேட் வால்சந்த் ஹீராசந்த்

கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய் கண்டிகையில் சிப்காட் தொழிற்பூங்கா அமைந்து, மிஷலின் நிறுவனத்தின் டயர் ஆலையும் அங்கே எழுந்த பின்னர், அவ்வட்டாரத்தின் முகம் மாறிவிட்டது. தலைமுறை தலைமுறையாக நிலத்தையும் நெல்லையும் நம்பி வாழ்ந்த தமிழ்ச் சமணக் குடும்பங்களின் பிள்ளைகளுள், சிறுதொழில் தொடங்க விழைவோர் இத்தகைய தொழிற்பேட்டைகளை நாடுவது இயல்பே. அவர்களைத் தடுத்து நிறுத்துவது முதலின்மை மட்டுமன்று. திட்ட அறிக்கையை இன்னும் ஒருமுறை திருத்தலாம், புதிய இயந்திரம் வரட்டும், வட்டி சற்று இறங்கட்டும் என்று ஆண்டுகள் கழிகின்றன. அறிக்கை அழகாக முதிர்கிறது. தொழில் மட்டும் பிறப்பதில்லை. இந்தியாவில் கப்பலும் விமானமும் மோட்டார் வண்டியும் செய்ய வேண்டும் என்று எண்ணித் துணிந்த ஒரு சமணப் பெருவணிகரின் வாழ்க்கை, இத்தகையோர் அறிய வேண்டிய ஒன்று.

வால்சந்த் ஹீராசந்த் 1882ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் சோலாப்பூரில் பிறந்தார். சௌராட்டிரத்திலிருந்து மராட்டிய நாட்டுக்கு வந்து குடியேறிய திகம்பர சமண வணிகக் குடும்பம் அது. பருத்தியும் வட்டித் தொழிலும் குடும்பத்தின் பிழைப்பு. பிறந்த சில நாட்களிலேயே தாயை இழந்தார். பம்பாய் செயிண்ட் சேவியர் கல்லூரியிலும் புணே டெக்கான் கல்லூரியிலும் பயின்றவர், படிப்பை இடையில் விட்டு வீடு திரும்பினார். கடையில் அமர்ந்து குடும்பத் தொழிலைக் கவனிப்பதில் அவர் மனம் ஒட்டவில்லை. தாமாகத் துணிந்து இறங்கிய சோள வாணிகமோ பெரும் இழப்பில் முடிந்தது.

அந்நிலையில் லட்சுமணராவ் பாடக் என்னும் முன்னாள் இரயில்வே எழுத்தருடன் கூட்டுச் சேர்ந்தார். பாடக்குக்கு வேலை தெரியும். வால்சந்தின் குடும்பத்துக்குப் பணம் திரட்டத் தெரியும். அவர்கள் முதலில் எடுத்த ஒப்பந்தம் பார்சி குறுகிய இருப்புப்பாதையில் ஏழு மைல் மட்டுமே. பொறியியல் படித்திராத இளைஞர், ஏழு மைலைப் போட்டு முடிப்பதற்குள் மண் வேலையையும் கூலிக் கணக்கையும் அதிகாரிகளின் போக்கையும் கற்றுக்கொண்டார். அந்த ஏழு மைலிலிருந்தே அடுத்த ஒப்பந்தம் கிடைத்தது, அதிலிருந்து இன்னொன்று. பின்னாளில் போர் மலைத்தொடரைக் குடைந்து சுரங்கப்பாதை அமைக்கும் பணியும், தான்சா ஏரி நீரைப் பம்பாய்க்குக் கொணரும் குழாய்ப் பணியும் அவர் கைக்கு வந்தன. எடுத்த எடுப்பில் சுரங்கம் தோண்டப் புறப்பட்டிருந்தால் அப்பணியை அவரிடம் எவரும் ஒப்படைத்திருக்க மாட்டார்கள்.

1919ஆம் ஆண்டு தில்லியிலிருந்து பம்பாய்க்கு இரயிலில் திரும்பும்போது, கப்பல் ஒன்றைப் பார்வையிடச் செல்லும் ஆங்கிலேயர் ஒருவரை வால்சந்த் சந்தித்தார். குவாலியர் மன்னர் சிந்தியாவுக்கு உரிய ‘லாயல்டி’ விற்பனைக்கு வந்திருப்பது அவ்வாறு தெரிய வந்தது. 1891இல் கனடாவின் பசிபிக் கடல்வழியில் ‘எம்பிரஸ் ஆஃப் இந்தியா’ என்னும் பெயரில் ஓடத் தொடங்கிய பயணிகள் கப்பல் அது. முதல் உலகப்போரின்போது மருத்துவமனைக் கப்பலாகப் பணியாற்றிக் களைத்திருந்தது. வால்சந்துக்குக் கப்பல் தொழில் தெரியாது. எனினும் போர் முடிந்த அவ்வேளையில் சரக்கேற்றக் கப்பல் கிடைக்காமல் வணிகர் தவித்ததை அவர் கண்டிருந்தார். நரோத்தம் மொரார்ஜி, கிலாசந்த் தேவசந்த், லல்லுபாய் சாமள்தாஸ் ஆகியோருடன் இணைந்து கப்பலை வாங்கினார். சிந்தியா நீராவிக் கப்பல் நிறுவனம் மார்ச்சு மாத இறுதியில் பதிவாயிற்று. ஏப்ரல் 5ஆம் நாள் ‘லாயல்டி’ பம்பாயிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டது. பதிவுக்கும் புறப்பாட்டுக்கும் இடையே இரண்டு வாரங்கூட இல்லை.

இதைப் பாராட்டும்போது ஒன்றை மறைத்தல் கூடாது. ‘லாயல்டி’ நல்ல கொள்முதல் அன்று. நிலக்கரியை விழுங்கியது, பழுது பார்க்கும் செலவு ஏறியது, பயணிகளுக்காகக் கட்டப்பட்டதால் சரக்குக்கு உதவவில்லை. சில ஆண்டுகளிலேயே அதனை உடைப்பதற்கு விற்க நேர்ந்தது. நிலக்கரிச் செலவை முன்னரே கணக்கிட்டிருக்கலாம் என்று குறை கூறுவோர் கூற்றில் நியாயம் உண்டு. ஆனால் கூட்டாளிகள் அந்த ஒரு கப்பலோடு நின்றுவிடவில்லை. இலண்டன் சென்ற அவர்கள் சரக்குக் கப்பல்களை விலைபேசி வாங்கினர். எத்தகைய கப்பல் வேண்டும் என்னும் தெளிவைப் பழங்கப்பலே அவர்களுக்குக் கற்பித்தது எனலாம்.

எதிரில் நின்றது எளிய பகை அன்று. இன்ச்கேப் பிரபுவின் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனம் கரையோர வாணிகம் முழுவதையும் தன் பிடியில் வைத்திருந்தது. அதன் வலிமையைத் தமிழ்நாடு முன்னரே அறியும். 1906இல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் நிறுவிய சுதேசிக் கப்பல் நிறுவனம், அந்நிறுவனத்தின் கட்டணக் குறைப்பையும் அரசின் அடக்குமுறையையும் ஒருங்கே எதிர்கொண்டு, அவர் சிறைப்பட்டபின் 1911இல் கலைந்துபோயிற்று. அது திட்டக் குறையால் விழுந்த நிறுவனம் அன்று, வேண்டுமென்றே வீழ்த்தப்பட்டது. அதே ஆயுதம் சிந்தியாவின் மீதும் பாய்ந்தது. இரங்கூனிலிருந்து பம்பாய்க்கு அரிசி ஏற்றும் கட்டணம் டன் ஒன்றுக்கு 18 ரூபாயிலிருந்து 6 ரூபாய்க்கு இறக்கப்பட்டது. ஒவ்வொரு பயணமும் நட்டம், பங்குதாரர்கள் கலங்கினர். நிறுவனத்தையே விலைக்குக் கேட்டும் தூது வந்தது. விற்றிருந்தால் போட்ட பணத்தில் ஒரு பகுதியேனும் கைக்கு வந்திருக்கும்.

விற்பதற்கு உடன்படவில்லை. ஆனால் 1923இல் ஓர் உடன்பாட்டில் கையொப்பமிட்டனர். பத்தாண்டுக் காலம் சிந்தியாவின் கப்பல்கள் மொத்தம் 75,000 டன்னைத் தாண்டலாகாது; கரையோரச் சரக்கோடு நிற்க வேண்டும்; பயணிகளையும் வெளிநாட்டு வழிகளையும் நாடலாகாது. இலண்டனுக்குக் கப்பல் விட்டுத் தொடங்கிய நிறுவனத்திற்கு இது கசப்பான மருந்து. தேசிய உணர்வுடையோர் பலர் இதனை அடிமை முறி என்றே கருதினர். வால்சந்துக்கும் இது உவப்பாக இல்லை. எனினும் அவ்வுடன்பாட்டால் கட்டணப் போர் ஓய்ந்தது. நிறுவனம் உயிர் பிழைத்தது. அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் ஆண்டுதோறும் கப்பல் சேர்த்தனர். இந்தியரைக் கப்பல் பணியில் பயிற்றினர். கரையோர வாணிகம் இந்தியக் கப்பல்களுக்கே உரியதாக வேண்டும் என்று சட்டமன்றத்திலும் வெளியிலும் குரல் எழுப்பினர். 1929இல் நரோத்தம் மொரார்ஜி மறைந்ததும் வால்சந்த் தலைவரானார். தளைகள் தளர்ந்தபின், 1937இல் ஹஜ் பயணிகளுக்கான கப்பல்களையும் சிந்தியா இயக்கியது. பத்தாண்டு அடக்கமாக வாழ்ந்ததன் பயன் அது.

துறவியர் மாவிரதம் ஏற்க, இல்லறத்தார் அணுவிரதம் ஏற்றுப் படிப்படியாக உயரும் நெறியில் பழகிய குடும்பத்தவருக்கு, இந்தப் பொறுமையை விளங்கிக்கொள்வது கடினமாக இராது.

மோட்டார் வண்டியின் கதை வேறுவகை. 1930களில் பொறியியல் மேதை விசுவேசுவரய்யர் ஐரோப்பாவும் அமெரிக்காவும் சென்று ஆராய்ந்து, இந்தியாவில் மோட்டார் ஆலை அமைப்பதற்கு விரிவான திட்டம் வகுத்தார். வால்சந்த் அதற்குத் துணை நின்றார். பம்பாய் மாகாணக் காங்கிரசு அமைச்சரவையும் ஆதரவு காட்டியது. திட்டத்தில் குறையில்லை. ஆயினும் 1939இல் அமைச்சரவை விலகியது, உலகப்போர் மூண்டது, இந்திய அரசு ஊக்கம் தரவில்லை. வால்சந்த் அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனத்தோடு உடன்பாடு செய்துகொண்டு காத்திருந்து, 1944இல் பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தைப் பதிவு செய்தார். பம்பாய்க் குர்லா ஆலையிலிருந்து 1947இல் வண்டிகள் வெளிவந்தன. அவை அமெரிக்கப் பாகங்களை இங்கே பூட்டிச் செய்தவை. முழு வண்டியையும் உள்நாட்டிலேயே செய்யும் நாள் வரும்வரை ஆலையைத் திறக்க மாட்டேன் என்று அவர் இருந்துவிடவில்லை. பூட்டும் வேலையில் தொடங்கி, பின்னர் ஒவ்வொரு பாகமாக இங்கேயே செய்யும் வழி வகுக்கப்பட்டது. இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் டயர் முதல் சிறு திருகுவரை ஊர்திக்கான பொருள்கள் தனித்தனி ஆலைகளில் உருவாகின்றன என்றால், இந்தியத் தொழில் அன்று தேர்ந்த பாதையின் தொடர்ச்சியே அது.

விமானத் தொழிலிலும் இதே போக்கு. 1939இல் பயணத்தின்போது வில்லியம் பாலி என்னும் அமெரிக்கரைச் சந்தித்தார் வால்சந்த். 1940 திசம்பர் 23ஆம் நாள் பெங்களூரில் இந்துஸ்தான் ஏர்கிராப்ட் நிறுவனம் தோன்றியது; திவான் மிர்சா இஸ்மாயில் முயற்சியால் மைசூர் அரசு நிலமும் முதலும் தந்தது. 1941 ஆகஸ்டில், அமெரிக்கப் பாகங்களைக் கொண்டு பூட்டிய ஹார்லோ பயிற்சி விமானம் வானில் எழுந்தது. எட்டே மாதங்கள்! ஆனால் 1942இல் போர்க்காலத் தேவையைக் கருதி அரசு வால்சந்தின் பங்கை வாங்கிக்கொண்டது. விதைத்தவர் கையில் விளைச்சல் தங்கவில்லை.

கப்பல் கட்டும் ஆசைக்கு முதலில் கல்கத்தாவில் இடம் தேடினார். ஏற்ற இடம் கிட்டவில்லை. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த விசாகப்பட்டினத்தை அடுத்துத் தேர்ந்தார். 1941 சூன் 21ஆம் நாள் இராசேந்திர பிரசாத் அடிக்கல் நாட்டினார். பத்து மாதங்கூட முடியவில்லை. 1942 ஏப்ரலில் சப்பானிய விமானங்கள் அந்நகரின்மீது குண்டு வீசின. இயந்திரங்கள் சிலவற்றைப் பெயர்த்து வேறிடம் அனுப்ப நேர்ந்தது; வேலை தடைப்பட்டது. போர் ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தனர். 1948 மார்ச்சு 14ஆம் நாள் 8,000 டன் ‘ஜல உஷா’வைப் பிரதமர் நேரு நீரில் இறக்கினார். அடிக்கல்லுக்கும் அந்நாளுக்கும் இடையே ஏறத்தாழ ஏழாண்டுகள். 1952இல் அத்தளத்தின் பெரும்பங்கு அரசுக்குச் சென்று இந்துஸ்தான் சிப்யார்டு ஆயிற்று.

நாசிக் மாவட்டத்து ராவள்காவில் பண்படாத நிலத்தைத் திருத்திக் கரும்பு விளைவித்து, 1933இல் சர்க்கரை ஆலை நிறுவியதும், புணே மாவட்டத்தில் வால்சந்த்நகர் எழுந்ததும் தனியே எழுதத் தக்கவை.

ஒரே காலத்தில் மிகப் பலவற்றில் கைவைத்தார் என்பது அவர்மீது சொல்லப்படும் குறை. கடன் சுமையும் ஓயாத அலைச்சலும் அவரை வாட்டியது உண்மை. பக்கவாதத்தால் தளர்ந்து 1950இல் பொறுப்புகளிலிருந்து விலகினார். மனைவி கஸ்தூரிபாய் உடனிருந்து பேணினார். குசராத்தின் சித்தபூரில் 1953 ஏப்ரல் 8ஆம் நாள் மறைந்தார்.

ஏப்ரல் 5ஆம் நாளை இந்தியா 1964 முதல் தேசியக் கடல்சார் நாளாகக் கொண்டாடி வருகிறது. அது ‘லாயல்டி’ புறப்பட்ட நாள். நட்டத்தில் ஓடி, நான்கே ஆண்டுகளில் உடைக்கப்பட்ட அந்தப் பழங்கப்பல்.