வால்மீனும் வாழ்நாள் கணக்கும்

ஹாலி என்றதும் நம் நினைவுக்கு வருவது வால்மீன். 1986இல் அது வந்து போயிற்று. இனி 2061இல்தான் வரும். ஆனால் நம் பெற்றோர் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கும் ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்திற்கும் இவ்வானியல் மேதைக்கும் தொடர்பு உண்டு என்பதை நம்மில் பலர் அறியோம்.

எட்மண்ட் ஹாலி 1656ஆம் ஆண்டு லண்டனை அடுத்த ஹாகர்ஸ்டன் என்னும் சிற்றூரில், செல்வமிக்க சோப்பு வணிகரின் மகனாகப் பிறந்தார். இருபது வயதில் ஆக்ஸ்போர்டு படிப்பைப் பாதியில் விட்டு, தென்திசை விண்மீன்களைக் கணக்கெடுக்க செயின்ட் ஹெலினா தீவுக்குக் கப்பலேறினார். நியூட்டனின் பெருநூல் 1687இல் அச்சேறியதும் இவருடைய கைப்பணத்தால்தான்.

விண்மீன்களை எண்ணியவர் பிறகு மனிதரை எண்ணினார். பிரெஸ்லா நகரில் (இன்று அது போலந்து நாட்டில் உள்ளது) இறந்தவரின் வயதையும் பதிவேட்டில் எழுதி வந்தனர். லண்டனில் அவ்வழக்கம் அப்போது இல்லை. வெளியூரார் வந்து குவியும் ஊராதலால் கணக்கும் நேராக வராது. கஸ்பார் நாய்மன் என்னும் போதகர் திரட்டிய 1687 முதல் 1691 வரையிலான பிரெஸ்லா கணக்கு ஹாலியின் கைக்கு வந்தது. அதைக் கொண்டு 1693இல் அவர் ஒரு பட்டியல் வெளியிட்டார்.

அப்பட்டியலில், முதல் வயதில் 1000 பேர் என்றால் 20 வயதில் எஞ்சுவோர் 598. 50 வயதில் 346. பிறந்த குழந்தைகளில் பாதிப்பேர் 17 வயதுக்குள் மடிந்தனர். நம் பிளஸ் டூ மாணவியரின் வயது அது! வாழ்நாள் குறுகியதென்று முறையிடுவோர் இதை எண்ணிப் பார்க்கட்டும் என்று ஹாலி கருதினார்.

20 வயதினர் ஒருவர் ஓராண்டுக்குள் இறக்க ஒரு பங்கு வாய்ப்பு என்றால், பிழைத்திருக்க 100 பங்கு வாய்ப்பு. 50 வயதினருக்கோ 38 பங்குதான் என்று அவர் கணித்தார். நம் பணத்தில் பார்ப்போம். இறப்பவர் குடும்பத்துக்கு 1000 ரூபாய் தருவதாக ஒரு சங்கம் வாக்களித்தால், 20 வயதினர் ஆளுக்குச் சுமார் 10 ரூபாய் செலுத்தினால் போதும். 50 வயதினர் சுமார் 26 ரூபாய் செலுத்த வேண்டும். அலுவலகச் செலவு வேறு! காப்பீட்டுப் படிவத்தில் வயதுச் சான்று ஏன் கேட்கிறார்கள் என்பது இப்போது விளங்கும். ஆண்டு முடிவில் உயிரோடிருப்பவர் பணம் வீணாயிற்று என்று வருந்துவதும் சரியன்று. அது வேறொரு வீட்டின் கண்ணீரைத் துடைக்கப் போயிருக்கிறது.

உயிர் இறைவன் கையில் இருக்க, மனிதன் கணக்குப் போடலாமா என்று நம்மில் சிலருக்குத் தோன்றலாம். ஹாலியின் சமய நம்பிக்கையையே அக்காலத்தில் ஐயுற்றனர். 1691இல் ஆக்ஸ்போர்டு பேராசிரியர் பதவி அவருக்குக் கிட்டவில்லை. ஆனால் யார், என்று இறப்பார் என்பதை அவருடைய பட்டியல் சொல்வதில்லை. ஆயிரம் வீடுகளில் எத்தனை வீடுகள் சம்பாதிப்பவரை இழக்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. இதில் இறைநம்பிக்கைக்கு முரணாக எதுவும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

பின்னர் அவர் கப்பல் தலைவரானார், ஆக்ஸ்போர்டில் பேராசிரியரானார், 1720இல் அரச வானியலாளரானார், 1742இல் காலமானார். அவர் முன்கூட்டிச் சொன்ன வால்மீன் 1758ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் சாக்சனி நாட்டு உழவர் ஒருவர் கண்ணில் பட்டது.

வாழ்நாள் கணக்கு பயனுக்கு வர இன்னும் சில ஆண்டுகள் ஆயின. லண்டனில் இருந்த அமிக்கபிள் சங்கம் வயது பாராமல் ஒரே சந்தா வாங்கியது. 45 வயதைக் கடந்தவரைச் சேர்ப்பதில்லை. அவ்வாறு மறுக்கப்பட்ட ஜேம்ஸ் டாட்சன் என்னும் கணித ஆசிரியர், வயதுக்கேற்ற சந்தாவைக் கணக்கிடலானார். 1757இல் அவரும் இறந்தார். அவருடைய திட்டப்படி 1762இல் ஈக்விடபிள் சங்கம் தொடங்கப்பட்டு, வயதுக்குத் தக்கபடி சந்தா வாங்கியது.