பெரியாழ்வார் கண்ட பிள்ளை விளையாட்டு

ஸ்ரீவில்லிபுத்தூரில் வேயர் குலத்தில், முகுந்தபட்டரின் திருக்குமாரராய், ஆனி ஸ்வாதியில் அவதரித்தவர் விஷ்ணுசித்தர். கி.பி. 8 அல்லது 9-ஆம் நூற்றாண்டினர் என்பர் ஆராய்ச்சியாளர். வடபத்ரசாயிக்கு நந்தவனம் வைத்து மாலை கட்டி ஸமர்ப்பிப்பதே அவருடைய கைங்கர்யம். செல்வநம்பியின் தூண்டுதலால் பாண்டியன் வல்லபதேவன் மதுரையில் கூட்டிய ஸதஸ்ஸில் பரதத்வத்தை நிர்ணயித்துப் பொற்கிழியைப் பெற்றார் என்பது குருபரம்பரை வரலாறு. அரசன் அவரை யானைமேல் ஏற்றி நகர்வலம் செய்வித்தான். எம்பெருமான் கருடாரூடனாய் வானத்தே தோன்ற, பிறராயின் வரம் கேட்டிருப்பர். இவரோ இவ்வழகுக்குக் கண்ணேறு படுமே என்று அஞ்சி, யானையின் மணிகளையே தாளமாகக் கொண்டு திருப்பல்லாண்டு பாடினார்.

பெற்ற தாய்க்கு வரும் அச்சம் அது. அதனால்தான் ஆழ்வார் யசோதையாகவே மாறிவிட்டார். பெரியாழ்வார் திருமொழியின் 461 பாசுரங்களில் முதல் இரண்டு பத்துகள் பெரும்பாலும் கண்ணன் வளர்ந்த கதையே. தாலாட்டுக்கும் அம்புலிக்கும் பின் வருவது செங்கீரை. குழந்தை ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றித் தலை நிமிர்ந்து அசைந்தாடும் பருவம். பிள்ளைத்தமிழ் நூலார் இதனை ஐந்தாம் மாதம் என்று வகுப்பர். ஒன்பதாம் மாதத்தில் சப்பாணி, அதாவது கை கொட்டுதல். அரைச் சதங்கை ஒலிக்கக் கை கொட்டும்படி தாய் வேண்டுகிறாள். பிறகு தளர்நடை. சங்கிலியும் மணியும் ஒலிக்க அசைந்து வரும் யானையைக் குழந்தையின் நடைக்கு உவமை ஆக்கினார் ஆழ்வார். மதுரை வீதியில் கேட்ட மணியோசை அவர் செவியை விட்டு நீங்கவில்லை போலும்! பிள்ளை எவ்வாறு வளர்கிறதோ அவ்வாறே பாட்டின் தாளமும் மாறுகிறது. கிடக்கும் குழந்தைக்கு மெல்லிய தாலாட்டு, தவழ்ந்து எழும் குழந்தைக்குத் துள்ளும் சந்தம்.

பெரியவாச்சான் பிள்ளை இத்திருமொழிக்கு அருளிய வ்யாக்யானத்தின் பெரும்பகுதி செல்லரித்துப் போயிற்று. அவ்விடத்தை நிரப்பியவர் மணவாள மாமுனிகள். இப்பிள்ளை விளையாட்டுகளுக்கு நாம் இன்று பொருள் அறிவது அவருடைய க்ருபையால்.

நம் ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே திண்ணையில் வழங்குகின்றன. அன்னமாசார்யரும் புரந்தரதாஸரும் இதே கண்ணனைத் தத்தம் மொழியில் சீராட்டியவர்களே. புறப்பாட்டின்போது அடியேன் பன்முறை கண்டதுண்டு: ஆலையில் இரவு முறைவேலை முடித்து நேரே வந்த தகப்பனாரின் தோளில் பத்து மாதக் குழந்தை, நாயனம் தொடங்கியதும் தானே துள்ளும், தவில் நின்றால் அதுவும் நிற்கும், மீண்டும் வாசிக்கும்படி கையை நீட்டும். தகப்பனாரின் களைப்பு எங்கே போயிற்றென்று தெரியாது. ஒலிபெருக்கிக்கு அருகில் மட்டும் பிள்ளையை ஏந்தி நிற்க வேண்டா, இளஞ்செவி தாங்காது.

பாட்டில் பிள்ளையை வளர்த்த ஆழ்வாருக்கு, நந்தவனத்துத் துளசியடியில் மெய்யாகவே ஒரு பெண் குழந்தை கிடைத்தாள். கோதை என்று பெயரிட்டு வளர்த்தார். கண்ணனுக்குக் கை கொட்டிப் பாடிய இல்லத்தில் அவளும் கை கொட்டியிருப்பாள் என்று எண்ணுவது அடியேனுக்கு இன்பம். அவள் வளர்ந்து மானிடரை மணக்க மறுத்துத் திருவரங்கம் சென்று அரங்கனை அடைந்தாள். ஆழ்வார் தனியே ஊர் திரும்பினார். மூன்றாம் பத்தில், மகள் போன வீட்டில் நின்று புலம்பும் தாயாக அவர் பாடிய பதிகம் ஒன்று உண்டு. அதைத் தம் வீட்டுச் செய்தியாகவே பெரியோர் பலரும் கேட்பர். செங்கீரை பாடிய அதே வாய்தான் அதையும் பாடியது.

கோதை கிடைத்த துளசிவனம் ஸ்ரீவில்லிபுத்தூரில் வடபத்ரசாயி கோயிலுக்கும் ஆண்டாள் கோயிலுக்கும் இடையே இன்றும் இருக்கிறது. கைக்குழந்தையோடு ஸேவிக்கச் செல்வோர், கூட்டம் குறைந்த வேளையில் பிள்ளையை அங்கே சற்று இறக்கி விடலாம்.