யாழைக் கணக்கிட்ட துறவி

கிளிநொச்சியில் நான் படிப்பிக்கும் மாணவனொருவன் தன் கிற்றாரைக் காட்டி, மெட்டுக்களின் இடைவெளி மேலிருந்து கீழாக வரவரக் குறுகுவதேன் என்று வினவினான். என் நினைவில் வந்தவர் விபுலாநந்த அடிகள்.

1892இல் காரைதீவிற் பிறந்த மயில்வாகனம், 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார்; 1920இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டமும் பெற்றார்; 1924இல் துறவு பூண்டார். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை ஆராயப் புகுந்தவர்க்கு, வழக்கொழிந்த யாழ் கண்ணெதிரே இல்லை. கணிதமே கைகொடுத்தது. நரம்பைப் பாதியாக்கினால் அதே சுரம் மேலெழுந்து ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் இளி எனும் பஞ்சமம் பிறக்கும். யாழிற் சுரத்துக்கொரு நரம்பு. கிற்றாரில் ஒரே கம்பியை மெட்டுக்கள் குறுக்குகின்றன. கணக்கின் அடிப்படை ஒன்றே. அண்ணாமலையிலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் அவர் வகித்த பேராசிரியர் பதவிகளினும் இவ்வாராய்ச்சியே பெரிதென்பேன்.

1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் யாழ்நூல் அரங்கேறியது. அவர் கணக்கின்படி அமைத்த முளரியாழ் முதலிய கருவிகளை ஏந்தி ஊர்வலம் சென்றனர். உடல் நலிந்திருந்த அடிகள் அடுத்த மாதம் 19ஆம் நாள் மறைந்தார்.

மாணவன் அடிமட்டத்தால் அளந்து பார்த்தான். பன்னிரண்டாம் மெட்டு கம்பியின் சரிபாதியில் நின்றது.