சவர்க்கார நீரைப் படித்தவர்: ஜேம்ஸ் வில்லியம் மெக்பெயின்

மாணவர்களே, படிவம் ஐந்து இரசாயனப் பாடத்தில் சவர்க்காரத்தைப் படித்திருப்பீர்கள். தலை நீரை நாடும், வால் எண்ணெயை நாடும் என்று படம் வரைந்து மதிப்பெண்ணும் வாங்கியிருப்பீர்கள். கிள்ளானில் படித்த காலத்தில் நானும் அப்படித்தான் மனப்பாடம் செய்து எழுதினேன். அதன் அருமை புரிந்தது பல்கலைக்கழகத்தில், மூன்று வார உழைப்பு ஒரே காலையில் வீணான பிறகுதான்.

உயிரணுச் சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுப்பது என் வேலை. சவ்வு என்பது இரண்டு அடுக்குக் கொழுப்பு. அதில் குடியிருக்கும் புரதத்தின் நடுப்பகுதியும் நீரைக் கண்டால் ஒதுங்கும். டிட்டர்ஜெண்ட் சேர்த்தால் சவ்வு கரையும். டிட்டர்ஜெண்ட் மூலக்கூறுகள் புரதத்தின் இடுப்பைச் சுற்றிக் கச்சை போல் கட்டிக்கொள்ளும். அந்தக் கச்சையோடுதான் புரதம் நீருக்குள் வரும். கடைசியாகக் கழுவும் கரைசலில் டிட்டர்ஜெண்டைச் சேர்க்க நான் மறந்துவிட்டேன். தெளிவாக இருந்த குழாய் என் கண்ணெதிரே மோர் போல வெளுத்தது. புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிதட்டிவிட்டன.

ஏன் அப்படி ஆனது என்று நூலகத்தில் தேடியபோது அறிமுகமானவர்தான் மெக்பெயின்.

1882-இல் கனடாவின் நியூ பிரன்சுவிக் மாநிலத்தில் பிறந்தவர். டொராண்டோவிலும் ஜெர்மனியிலும் படித்துவிட்டு, 1906-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகருக்கு ஆசிரியராக வந்தார். மற்றவர்கள் அணுவுக்குள் என்ன இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்த காலம் அது. இவர் கையில் எடுத்தது சட்டி கழுவும் நீரை!

அந்த நீரில் ஒரு முரண்பாடு இருந்தது. சவர்க்காரக் கரைசல் மின்சாரத்தை நன்றாகக் கடத்தியது. அப்படியானால் அதில் அயனிகள் நிறைய இருக்க வேண்டும். ஆனால் உறைநிலை, ஆவியழுத்தம் போன்றவற்றை அளந்து பார்த்தால் துகள்கள் மிகக் குறைவு என்று கணக்கு வந்தது. இரண்டும் எப்படிச் சரியாகும்? வால்கள் நீருக்கு அஞ்சி ஒன்றையொன்று அணைத்துக்கொள்கின்றன, பல அயனிகள் சேர்ந்து ஒரே திரளாக நகர்கின்றன என்றார் மெக்பெயின். எண்ணிக்கையில் அது ஒரே துகள். சுமப்பதோ பல மின்னூட்டங்கள். 1913-இல் இதை முன்வைத்தார். இன்று நாம் மைசெல் என்று சொல்வது இந்தத் திரளைத்தான்.

ஒரே மின்னூட்டம் கொண்டவை ஒன்றையொன்று தள்ளும் என்றுதானே பள்ளியில் படிக்கிறோம்? அன்றைய பெரியவர்களும் அதையேதான் நினைத்தார்கள். லண்டனில் நடந்த ஒரு கூட்டத்தில், தலைமை தாங்கியவர் இவரது கருத்தை அபத்தம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டதாக ஒரு கதை உண்டு. மெக்பெயின் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி மேலும் அளந்தார். பல ஆண்டுகள் அளந்துகொண்டே இருந்தார். 1923-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. 1939-இல் டேவி பதக்கமும் தந்தது.

எல்லாம் அவர் சொன்னபடியே அமைந்துவிடவில்லை. அடுக்கடுக்கான மைசெல்களும் உண்டு என்று பிடிவாதமாக இருந்தார். நம் பாடநூலில் உள்ள உருண்டைப் படம் 1936-இல் ஹார்ட்லி என்பவர் விளக்கிய வடிவத்துக்கு நெருக்கமானது. என்னைக் கேட்டால், இதனால் மெக்பெயினின் மதிப்பு குறைவதில்லை.

பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய பங்சாரில் லீவர் பிரதர்ஸ் சவர்க்காரத் தொழிற்சாலை இருந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்த நிறுவனத்தைத் தொடங்கிய லீவர்ஹியூம் பிரபுவின் பெயரில் பிரிஸ்டலில் அமைந்த பேராசிரியர் பதவியைத்தான் 1919-இல் மெக்பெயின் முதலாவதாக ஏற்றார்.

பின்னர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். நீரில் கரையாத சாயங்கள் சவர்க்கார நீரில் மட்டும் எப்படிக் கரைகின்றன என்பதை அங்கே ஆராய்ந்தார். மைசெலின் எண்ணெய் வயிற்றுக்குள் அவை புகுந்துகொள்கின்றன. என் புரதத்தைக் கரைத்ததும் இதே வழிதான்.

ஓய்வு பெற்ற பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. நேருவின் அழைப்பை ஏற்று இந்தியா வந்தார். 1950 ஜனவரி 3-இல் புனேயில் திறக்கப்பட்ட தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர் அவர்தான். அப்போது வயது 67. 1952 வரை அங்கே பணியாற்றி, 1953 மார்ச் 12-இல் காலமானார். கரையாதவற்றைக் கரைப்பது பற்றிய நூலை, உடன் ஆய்வு செய்த மனைவி மேரி ஈவ்லின் லேங், ஹட்சின்சனோடு சேர்ந்து 1955-இல் வெளியிட்டார்.

சவ்வுப் புரதங்கள் பிடிபட்டதை அவர் பார்க்கவில்லை. 1982-இல் ஹார்ட்மூட் மிக்கேல், ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாவின் சவ்வுப் புரதத்தை டிட்டர்ஜெண்டில் கரைத்துப் படிகமாக்கிக் காட்டினார். அதன் வடிவத்தைக் கண்டறிந்ததற்காக அவருக்கும் இரண்டு சகாக்களுக்கும் 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது.

எந்த டிட்டர்ஜெண்ட் என்பது முக்கியம். ஷாம்பு புட்டியில் எழுதியிருக்கும் சோடியம் லாரில் சல்பேட்டைப் போட்டால் புரதம் மடிப்புக் குலைந்துவிடும். நான் பயன்படுத்திய டோடெசில் மால்டோசைடுக்கும் அதே 12 கார்பன் வால்தான். ஆனால் தலை ஒரு சர்க்கரை, அதனால் சாது. அந்த 12 கார்பன் கொழுப்பு அமிலம் செம்பனைப் பருப்பு எண்ணெயில் கிட்டத்தட்டப் பாதி இருக்கிறது. என் அப்பா கேரித் தீவில் குலை வெட்டியவர். இதைச் சொன்னபோது அவர் நம்பவே இல்லை.

அடுத்த முறை எல்லாக் கரைசல்களிலும் டிட்டர்ஜெண்டைச் சேர்த்துவிட்டு, இரண்டு தடவை சரிபார்த்தேன். மாலை வரை குழாய் தெளிவாகவே இருந்தது.